நன்றிக்கு நடுவில் ஒரு பெடல்

1

நான் வேலை செய்யும் கம்பனியில் எனக்குப் பத்து வருடம் நிறைந்துவிட்டது என்று ஒரு கேக் வெட்டினார்கள். யோகராணி என்ற என் பெயரை அதன்மேல் ஓர் எழுத்துக் குறைத்து எழுதியிருந்தார்கள். என் மேசையில் இருக்கும் பெயர்ப்பலகையிலும் பத்து வருடமாக அந்த எழுத்து இல்லை. அது போகட்டும். அந்தக் கேக்கை நான் தின்றேன் பாருங்கள், அதற்குத்தான் இன்னமும் என்மேல் ஆத்திரம் ஆறவில்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு, கேக் தின்றதற்கெல்லாம் ஆத்திரமா என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். இலங்கையில் இரத்தோட்டைப் பக்கம் இருக்கும் என் லெச்சுமி அக்காவுக்கே அது விளங்குவதில்லை. யாராவது கேட்டால், "கனடாவுல கம்பியூட்டர்ல என்னமோ பாக்குறா" என்பாள். தொழிற்சாலைகளில் இப்போது தானாக இயங்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் அல்லவா. அவற்றில் நின்று வேலை செய்பவர்களிடம், இயந்திரம் எப்படி இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று கருத்துக் கேட்பார்கள். வேலை முடிந்து போகிற வாசலில் ஒரு டெப், விரலால் தொட்டு எழுதும் சின்னக் கணினி, மாட்டியிருக்கும். அதில் எழுதலாம். பல நாடுகளிலிருந்து பல மொழிகளில் வந்து குவியும் அந்தக் கருத்துகளை மனிதர் உட்கார்ந்து வாசித்து முடிக்க முடியாது. அதனால் எங்கள் மென்பொருள் வாசிக்கும். எழுதியவர் சந்தோசமாக இருக்கிறார் என்று கணித்தால் பச்சை போடும். மனக்குறையோடு இருக்கிறார் என்றால் சிவப்பு. ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்றால் சாம்பல். உணர்வுப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். சிவப்பு குவிந்த பாகத்தை இயந்திரம் செய்பவர்கள் அடுத்த மொடலில் திருத்துவார்கள். பச்சையைத் தொட மாட்டார்கள். வேலை செய்கிறவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இயந்திரத்தைச் செய்வது நல்ல காரியம்தானே என்று நானும் நம்பித்தான் சேர்ந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அதில் தமிழைச் சேர்த்தபோது, தமிழுக்கு நான்தான் பொறுப்பு.

கேக் வெட்டிய அன்று எங்கள் பிரிவுத் தலைவன் டேரன் சுவரில் ஒரு கடிதத்தைப் பெரிதாகக் காட்டினான். தமிழ்க் கடிதம். "யோகாவின் சொந்த நாட்டிலிருந்து வந்தது, நாங்கள் செய்கிற வேலைக்குக் கிடைத்த நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னான். பைகளின் வாயை ஒட்டும் இயந்திரத்தைப் பற்றிய கருத்து அது. சூடான இரண்டு இரும்புத் தாடைகள் வந்து மூடி, பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டிவிடும். பழைய இயந்திரத்தில் காலால் ஒரு பெடலை மிதித்தால்தான் தாடை மூடும். புதியதில் பெடல் இல்லை. அது தன்பாட்டுக்கு மூடித் திறக்கும், ஆள்தான் அதன் வேகத்துக்குப் பையை நீட்ட வேண்டும்.

நான் எழுந்து நின்று வாசித்தேன்.

"பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, தாங்களும் தங்கள் குடும்பமும் நோய் நொடியின்றி நீடூழி வாழ இறைவனை வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் தந்த புதிய மெஷின் மிகவும் அழகாகவும் வேகமாகவும் இருக்கிறது. எங்கள்மீது இரக்கம் கொண்டு இதைத் தந்ததற்கு என்றும் நன்றியுடையவர்களாக இருப்போம். ஐயா, தங்கள் மனதுக்குப் பட்டால், தானாக மூடி இரண்டு பேருக்கு விரல் வெந்துவிட்டதால் அந்தப் பெடலை மட்டும் திரும்பத் தந்தால் பேருதவியாக இருக்கும். எங்கள் சொல்லில் பிழை இருந்தால் பிள்ளைகளின் பிழையாக எண்ணிப் பொறுத்தருளவும். நன்றி, நன்றி, நன்றி."

"தங்கள் மனதுக்குப் பட்டால்" என்ற சொற்கள் எனக்குப் பழக்கமானவை. பிள்ளைகளின் பிழையாக எண்ணி என்ற வரியை இரண்டாம் முறை பார்த்தேன். அந்த வரியை இந்த உலகத்தில் முதலில் எழுதியவள் நான். பதினான்கு வயதில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், விறகுப் பெட்டிமேல் தாளை வைத்துக்கொண்டு எழுதினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். "என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று டேரன் கேட்டான். குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள், மெஷின் அழகாக இருக்கிறதாம், நன்றி சொல்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். நடுவில் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு உட்கார்ந்து கேக்கைத் தின்றேன்.

2

அடுத்த நாள் சனிக்கிழமை. எனக்குக் காலை, அக்காவுக்குப் பின்னேரம். வேலையிலிருந்து வேனில் வந்து இறங்கியிருப்பாள் என்று கணக்குப் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். மாத்தளைக்கு வெளியே ஒரு மசாலாத்தூள் தொழிற்சாலையில் அக்கா ஏழு வருடமாக வேலை செய்கிறாள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகுத்தூள் பெக்கட் போடுகிற வேலை. எங்களுக்கு வரும் கருத்துகளில் நாட்டின் பெயரும் ஏதோ ஓர் இலக்கமும்தான் இருக்கும், தொழிற்சாலையின் பெயர் இருக்காது. அதனால் அக்காவையும் என் வேலையையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

"அக்கா, ஒங்க வேலைத்தளத்துல வாசல்ல டெப் ஒன்னு மாட்டியிருக்கா?"

"ஆமா. ஒனக்கு யாரு சொன்னா?"

"அதுல நீ எழுதுறியா?"

"நான்தான் எழுதுறேன். எல்லாருக்கும் நான்தான். அதுங்களுக்குத் தமிழ்ல அடிக்க வராது. நம்ம பக்கத்துலருந்து வாற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் வரிசையில நிப்பாங்க, ஆளுக்கு ஒன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வேன்ல ஏறுறது. ஏன் கேக்குற?"

"எடது கையக் காட்டு."

"என்னத்துக்கு?"

"காட்டு அக்கா."

இத்தனை மாதமும் அவள் போனை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையை மடிக்குள்ளே வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். அன்றுதான் அது எனக்கு உறைத்தது. கையை மெதுவாகத் தூக்கினாள். சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியில் தோல் சுருங்கி, நகம் இல்லாமல் இருந்தன.

"ரெண்டு வெரலுதான் புள்ள. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள வந்து கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில மருந்து கட்டினாங்க, ஆறிருச்சு. மொளகாத்தூள் பட்டாத்தான் உயிரு போகும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அங்க குந்திக்கிட்டு என்ன செய்யப்போற?"

இந்தப் பூமியில் அந்தக் கைக்கு ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருந்த ஒரே தமிழ்க்காரி நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே கொட்டினேன்.

"ஏன் அக்கா நன்றி நன்றின்னு எழுதின? வெரல் வெந்துருச்சு, பெடலக் குடுன்னு எழுதினா என்ன?"

"நல்லாருக்கே நீ கேக்குறது. நீதானே எழுதிக் காட்டின. பெரியாளுங்களுக்கு வேற எப்படி எழுதுறது?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அது மட்டுமில்ல. கார்டு வச்சாத்தான் அந்த டெப்பு தொறக்கும். எல்லாருக்கும் என் கார்டுலதான் எழுதுறேன். கோவமா எழுதி, இது யாரு கார்டுன்னு மேனேஜர் மாத்தயா தேடினா? நன்றின்னு போட்டு எழுதினா யாரும் தேட மாட்டாங்க."

"யாரும் வாசிக்கவும் மாட்டாங்க."

"எங்கூட வேல செய்ற கமலா மட்டும் ஒருநாளு அவ கார்டுலயே எழுதினா. ‘இந்த நாசமாப்போன மெஷினத் தூக்கி ஆத்துல போடுங்கடா’ன்னு. என்ன ஆச்சு? ஏன்னு கேக்கக்கூட ஒரு ஆளு வரல. அதுக்கு மரியாதையா எழுதுறது மேல்தானே."

நான் போட்ட சத்தத்தில் என் கணவர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். குகன் யாழ்ப்பாணத்து மனிதர், மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கக் காரியாலயத்துக்கு, வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டியவர். "என்னப்பா, விடியக்காலமையே ஏன் குழறுறீர்? அக்காவோட சண்டையே?" என்றார். பதினாறு வயது மகள் மித்ராவும் வந்துவிட்டாள். போனை வைத்துவிட்டு, எழுதிக்கொண்டு வந்திருந்த அக்காவின் கடிதத்தை நான் திரும்ப ஒருமுறை சத்தமாக வாசித்தேன். மித்ரா கேட்டுவிட்டு, இவ்வளவு சந்தோசமான கடிதத்துக்கு ஏன் அம்மா கத்துகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு வருடம் போனவள். வணக்கம், நன்றி, அழகு, குடும்பம் எல்லாம் தெரியும். விரல் வெந்துவிட்டது என்ற சொற்களை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? என் பிள்ளைக்குத் தெரிந்த தமிழும் நான் பழக்கிய மென்பொருளுக்குத் தெரிந்த தமிழும் ஒரே அளவுதான். இரண்டும் என் கையால் வளர்ந்தவை.

வரிவரியாக விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்படியென்றால் கடிதம் உண்மையில் எந்த இடத்தில் தொடங்குகிறது?" என்றாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

3

அக்கா சொன்னது சரி. நான்தான் எழுதிக் காட்டினேன்.

ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருக்கும் ஒரு தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. பத்தாம் வகுப்புக்கு மேலே போகாதவர்கள்தான் அங்கே எல்லோரும். நன்றாக எழுதுவேன் என்பதால் தோட்டக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, போகிற மனுக்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம்தான் எழுதிக்கொள்வார்கள். பள்ளிக்கூடக் கடிதப் புத்தகத்தில் பாதி, எனக்கு முன் எழுதியவர்களின் பழைய மனுக்களில் பாதி என்று சேர்த்து ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் தோட்டத்தை நடத்தும் துரையையும் துரையின் பிள்ளைகுட்டியையும் வாழ்த்த வேண்டும். பிறகு ஏற்கெனவே தந்ததற்கெல்லாம் நன்றி. நடுவில் ஒரே ஒரு வரியில் விசயம். அதையும் "மனதுக்குப் பட்டால்" என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். முடிவில் மன்னிப்பும் நன்றியும். எழுதுகிறவள் தன் பெயரைப் போடுவதில்லை. கீழே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைப்பவர்கள் மற்றவர்கள்.

அப்போது அக்கா பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருந்தாள். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கூரை ஒழுகி, மழைக்காலத்தில் தொட்டில்களை இழுத்து இழுத்து மூலைக்கு மூலை மாற்றிக்கொண்டிருந்தாள். முறைப்படி ஒரு மனு எழுதினேன். துரை முதல் பந்தியை வாசித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாராம். மழை நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த மனுவில் வாழ்த்தும் இல்லை, நன்றியும் இல்லை. கூரை ஒழுகுகிறது, குழந்தைகள் நனைகிறார்கள், இந்த மாதத்துக்குள் திருத்துங்கள் என்று மூன்றே வரி எழுதினேன். அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

கூரையைத் திருத்தினார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் அக்காவைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து தூக்கி, ஆகக் கடைசி மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பினார்கள். இருபத்தோரு வருடம் அவள் அந்த மலையில் ஏறி இறங்கினாள். எழுதிய நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன். ஏனென்றால் என் பெயர் அதில் இல்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. இனிமேல் பழைய மாதிரியே எழுது புள்ள என்று மட்டும் சொன்னாள். நான் அப்படியே எழுதினேன்.

4

திங்கட்கிழமை வேலைக்குப் போய் முதலில் திறந்து பார்த்தது, தமிழுக்கு நான் எழுதிய வழிகாட்டிக் குறிப்பை. மென்பொருளைப் பழக்குவதற்கு, ஆட்களை வைத்து ஆயிரக்கணக்கான தமிழ் வசனங்களுக்குக் கையால் நிறம் போட்டோம். எதற்கு என்ன நிறம் என்பதற்கு ஒரு விதி வேண்டும். நன்றியும் மரியாதையும் மிகுந்திருந்தால் பச்சை. நான் எழுதிய விதி. சென்னையிலிருந்து நிறம் போட்ட வித்யா என்ற பெண் அதன் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "நடுவில் ஒரு வரி மட்டும் குறை இருந்தால் என்ன செய்வது, மேடம்?" அதற்குக் கீழே என் பதில்: "எது அதிகமோ அதைப் பாருங்கள்."

இதை வேறு யாராவது எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினாள் என்று விட்டுவிடலாம். நன்றிக்கு நடுவில் விசயத்தை ஒளித்து வைத்தே வளர்ந்த நான் எழுதியிருக்கிறேன். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், டேரன் நல்ல பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் மண்டையில் இருந்தது. இலங்கைத் தமிழ் வித்தியாசமாக இருக்குமா என்று டேரன் கேட்டபோதுகூட, பெரிதாக இல்லை என்றேன். இங்கே நம்மவர்களின் கொண்டாட்டங்களில் நான் வாயைத் திறந்தவுடன் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து எங்கள் மலையகத் தமிழை வெளியில் எடுக்காமலே பழகிவிட்டேன். அலுவலகத்திலும் எடுக்கவில்லை.

கமலாவின் வரியையும் தேடிப் பிடித்தேன். சாம்பல். வசைச் சொல் இருந்தால் அது கருத்து அல்ல என்பது டேரன் எழுதிய விதி, நானும் தலையாட்டியது. மரியாதையாக எழுதினால் பச்சை, வைதால் சாம்பல். அந்தப் பெண்கள் வேறு எப்படித்தான் எழுதுவது என்று நினைத்தார்கள் இந்தக் கம்பனியில்? எப்படித்தான் எழுதுவது என்று நான் நினைத்தேன்?

டேரனிடம் போனேன். அந்த வெள்ளிக்கிழமை இயந்திரக் கம்பனிக்காரர்களோடு கூட்டம் இருந்தது. பெடல் இல்லாத இயந்திரத்துக்கு எல்லாமே பச்சை என்பதால், இனி வரும் எல்லா மொடல்களிலும் பெடலை எடுத்துவிடுவதாக இருந்தார்கள். அதற்கு முன் அந்தத் தொழிற்சாலைக் கருத்துகளை நான் திரும்ப வாசித்து நிறம் மாற்ற வேண்டும் என்றேன்.

அவன் கெட்டவன் இல்லை. பொறுமையாகக் கேட்டான். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றான். ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள் என்றேன். எப்படித் தெரியும் என்றான். என் அக்கா என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உடனே ஒரு படிவத்தை அனுப்பினான். உறவினர் சம்பந்தப்பட்ட விடயத்தில் தலையிடுவதில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு, அந்தக் கருத்துகள் முப்பதும் ஒரே கார்டிலிருந்து வந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரே கார்டு என்றால் முப்பது கருத்தும் ஒரு கருத்துதான் என்றான். அதுவரைக்கும் முப்பது பச்சையாக எண்ணி எல்லோருக்கும் காட்டியவன் அவன்தான்.

"சிவப்பாக மாற்றினால் அந்தக் கார்டு யாருடையது என்று தொழிற்சாலை கேட்கும். ஒப்பந்தப்படி நாங்கள் கொடுக்க வேண்டும். உன் அக்காவுக்கு அது நல்லதா என்று யோசித்துப் பார்" என்றான்.

அதில் மட்டும் அவன் சொன்னது சரி. பச்சையாக விட்டால் இன்னும் எத்தனையோ பேரின் விரல். சிவப்பாக்கினால் அக்காவின் வேலை. இரண்டாவது முறையும் என் எழுத்துக்கு அவள்தான் மலை ஏற வேண்டியிருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று சமைக்கவில்லை.

5

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் வேலை, தமிழில் வந்த கருத்துகளைச் சுருக்கிச் சொல்வது. இயந்திரக் கம்பனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இயந்திரத்தின் வரைபடம் போடும் பொறியாளர். டேரன் பச்சைக் கட்டங்களைக் காட்டி முடித்து என்னைப் பார்த்தான்.

மித்ரா கேட்ட கேள்விதான் என் தாளில் இருந்தது. கடிதம் உண்மையில் தொடங்குகிற இடத்தை மட்டும் முப்பது கடிதங்களிலிருந்தும் வெட்டி எடுத்து எழுதியிருந்தேன். வாழ்த்தும் நன்றியும் கிடையாது. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வாசித்தேன்.

பெடலைத் திரும்பத் தாருங்கள், தானாக மூடுகிறது. எனக்குக் கை நடுங்குகிற வியாதி இருக்கிறது, பெடல் இருந்தால் நான் தயாரானபிறகு மிதிப்பேன். மலசலகூடம் போய் வருவதற்குள் பத்துப் பை பிந்திவிடுகிறது. இரண்டு பேருக்கு விரல் வெந்துவிட்டது. மூன்று பேருக்கு விரல் வெந்துவிட்டது. என் மகளை இங்கே வேலைக்குச் சேர்க்க இருந்தேன், இப்போது பயமாக இருக்கிறது. பெடலைத் திரும்பத் தாருங்கள்.

பன்னிரண்டாவதை வாசிக்கும்போது டேரன் என் பெயரைச் சொன்னான். நான் நிறுத்தவில்லை. முப்பதையும் வாசித்து முடித்தேன். அந்த அறையில் யாரும் கேக் தின்னவில்லை.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "இவை பச்சையில் அல்லவா இருந்தன? யார் எழுதியது என்று சரிபார்க்க வேண்டும். கார்டு இலக்கத்தைத் தாருங்கள்."

"தர மாட்டேன்" என்றேன்.

ஒப்பந்தம் என்று டேரன் தொடங்கினான். அவனை முடிக்க விடாமல் மூத்தவர் பக்கம் திரும்பினேன்.

"தவறாக நிறம் போட வைத்த விதியை எழுதியவள் நான். அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட முறையை அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். யாராவது ஒருவரின் பெயர் வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, குறைந்திருந்த எழுத்தையும் சேர்த்துச் சொன்னேன். மூத்தவர் பேனாவைத் தொடவில்லை. அந்தப் பொறியாளர் மட்டும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "தாடை திறந்திருக்கிற நேரம் எவ்வளவு என்று யாராவது அளந்தீர்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவள் இயந்திரத்தின் படத்தில் கால் வைக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டதை நான் பார்த்தேன்.

6

புதிய மொடலில் பெடல் இருக்குமாம். அது நல்ல செய்திதான். ஏற்கெனவே தொழிற்சாலைகளில் நிற்கிற இயந்திரங்களுக்குப் பெடலை "கட்டம் கட்டமாக" கொண்டுவந்து பொருத்திப் பூட்டுவார்களாம். அக்காவின் வேலைத்தளத்துக்கு ஒருவர் வந்து இரண்டு இயந்திரங்களில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மொத்தம் ஆறு.

"ஒன்னோட மெஷினுக்குப் பூட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. என் மெஷினு கடைசியில நிக்குது. கடைசிக்குத்தான் வரும்."

"கார்டு யாருதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. ஏன், என்ன செஞ்ச நீ?"

டேரன் அந்த இலக்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். "ஒம் பேரையா குடுத்த?" என்றாள். ஆமாம் என்றேன். "பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு, வெந்த விரல்களாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. மித்ராதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்து பிரித்து வாசித்தாள். கம்பனியின் கடிதம். "பத்து வருட அர்ப்பணிப்பான சேவைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. உங்களைப் போன்றவர் எங்களோடு இருப்பதில் பெருமைப்படுகிறோம். உங்கள் நலனும் உங்கள் குடும்பத்தின் நலனும் எங்களுக்கு முக்கியம்..." வாசித்துக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "கடிதம் இங்கே தொடங்குகிறது, அம்மா" என்றாள்.

உடனடியாகத் தமிழ்ப் பிரிவிலிருந்து நான் நீக்கப்படுகிறேன், இனி வாடிக்கையாளரோடு பேசக்கூடாது என்று அந்த ஒரு வரியில் இருந்தது. அதற்குக் கீழே மூன்று வரிக்கு நன்றி.

இன்று காலை அந்தக் கடிதத்தை எங்கள் மென்பொருளுக்குள் போட்டுப் பார்த்தேன். பச்சை போட்டது.

பதில் எழுத உட்கார்ந்தபோது பழைய பழக்கத்தில் என் விரல்கள் "பெருமதிப்புக்குரிய" என்று அடித்துவிட்டன. அழித்தேன். ஊரில் இருப்பவர்களே, இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமும் அந்தப் பழக்கம்தான். உங்கள் வேலைத்தளத்து வாசலிலும் அப்படி ஒரு டெப் மாட்டியிருக்கலாம். அதன் மறுபக்கத்தில் என்னைப் போல ஒருத்தி இருந்தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிலில் நான் எழுதியது இவ்வளவுதான்:

"மாத்தளையில் இன்னும் நான்கு இயந்திரங்களுக்குப் பெடல் பூட்டவில்லை. எப்போது பூட்டுவீர்கள்? யோகராணி."